திட்டுவதற்கு ஓர் ஆள்

தாராவியில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு ஏணி நிற்கிறது. ஒன்பது படி. நாலாவது படியில் வெல்டிங் விட்டுப்போய், தம்பி அதில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கிறான். கீழே அம்மா இருக்கிறாள். மேலே தம்பியும் அவன் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். கீழே பத்துக்குப் பன்னிரண்டு. மேலேயும் அதே அளவு, கூரை மட்டும் பத்ரா தகடு. மழை பெய்தால் மேலே இருப்பவர்கள் கத்தித்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

தாராவியின் குடிசைகளை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடு கட்டித் தரும் மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்குப்படி இந்த ஏணியின் அடிக்கும் நுனிக்கும் நடுவே ஒரு நகரமே கிடக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குக் காகிதம் வைத்திருப்பவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், எப்போது வந்திருந்தாலும் மாடியில் இருப்பவர்களுக்கும், வெளியே வாடகை வீடு. தவணை கட்டி முடித்தால் சொந்தம். அந்த ‘வெளியே’ முலுண்டாக இருக்கலாம், குர்லாவாக இருக்கலாம், தேவ்னார் குப்பைமேடாகவும் இருக்கலாம். அம்மா தாராவி, தம்பி முலுண்டு. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்.

கணக்கெடுக்க வந்தவர்கள் கீழ்வாசலுக்கு ஓர் எண்ணும் மேல்வாசலுக்கு வேறோர் எண்ணும் போட்டுவிட்டுப் போன அன்று, அம்மா எனக்குப் போன் செய்தாள். நான் கல்யாணமாகி நவி மும்பைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. மும்பையில் கவுன்சிலரைக் கார்ப்பரேட்டர் என்பார்கள்.

“ஏட்டி, நீ போயி அந்தக் கார்ப்பரேட்டர்ட்ட ஒரு வார்த்த கேளு.”

“இப்ப கார்ப்பரேட்டரே கெடையாதும்மா.”

“என்னது, செத்துட்டாரா?”

“இல்லம்மா. பதவிக்காலம் முடிஞ்சிட்டு.”

“அப்ப அடுத்தாப்ல வந்தவன் யாரு?”

“யாரும் வரல.”

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பொ நான் யாரப் போயி வைய?” என்றாள்.

இந்தக் கேள்வியை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், டிவி விவாதங்களைக் கேட்டிருக்கிறேன், வாட்ஸப்பில் வந்த வரைபடங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். தாராவியைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

மும்பை மாநகராட்சியில் 227 வார்டு. தாராவிக்குள் ஏழு. அந்த அவையின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-ஆம் தேதி முடிந்தது. அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு, முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்கிறது. நடக்கவில்லை. ஓபிசி இடஒதுக்கீட்டில் ஒரு வழக்கு. வார்டு எண்ணிக்கையில் இன்னொன்று: ஒரு அரசு 227-ஐ 236 ஆக்கியது, அடுத்து வந்த அரசு அதைத் திரும்ப 227 ஆக்கியது. ஆட்சி மாறியது, கட்சிகள் உடைந்தன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நாலு வாரத்துக்குள் அறிவிப்பு வெளியிடு என்று சொன்ன பிறகும் இழுத்து இழுத்து, 2026 ஜனவரி 15-ஆம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. மூன்று வருஷம் பத்து மாதம். அதுவரை கமிஷனரே நிர்வாகி.

இனி தாராவியின் தேதிகளை அதன் பக்கத்தில் வையுங்கள். டெண்டர் விட்டது 2022 அக்டோபர். ஏலத்தைத் திறந்தது நவம்பர் 29. அதானி குழுமம் 5,069 கோடி, டிஎல்எஃப் 2,025 கோடி. மாநில அரசு அதானிக்கு உறுதிசெய்தது 2023 ஜூலையில். நிறுவனத்துக்கு 80, அரசுக்கு 20 என்று பங்கு வைத்துத் தனிக் கம்பெனி உருவானது. வீடுவீடாகக் கணக்கெடுப்பு கமலா ராமன் நகரில் தொடங்கியது 2024 மார்ச் 18. முதலமைச்சர் மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதல் கொடுத்தது 2025 மே 28. ஆரம்பம் முதல் மாஸ்டர் பிளான் வரை, சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அந்த மாநகராட்சி அவை மண்டபத்தில் ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை.

சதி என்று நான் சொல்லவில்லை. தேர்தல் தள்ளிப்போனது மும்பையில் மட்டுமே இல்லை. மகாராஷ்டிரத்தில் எத்தனையோ ஊர்களில் இதே கதைதான். ஆனால் வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரத்தில் பெண் பார்த்து, பூ வைத்து, முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது என்றால் நம் ஊரில் என்ன சொல்வார்களோ, அதைத்தான் எனக்கும் சொல்லத் தோன்றுகிறது.

*

எங்கள் பழைய கார்ப்பரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மராட்டியில் நகர்சேவக். ஆபீஸ் என்பது ஒரு ஷட்டர் கடை. நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் தலைவர்களின் படங்கள், மேஜைமேல் லெட்டர்ஹெட் கட்டு, ஸ்டாம்ப் பேடு. காலையில் எட்டு மணிக்கே பெண்கள் வந்து நிற்பார்கள். பொதுக் கழிப்பறையில் கதவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, கட்டர் என்று இங்கே சொல்லும் சாக்கடையின் மூடியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான், ஸ்கூல் அட்மிஷனுக்கு ஒரு கடிதம் வேண்டும். அம்மாவுக்கு மராட்டி அரைகுறை. இந்தி கால்வாசி. திட்டுவதற்கு மட்டும் தமிழ். ‘காய் ஜாலா, மாவ்ஷி?’ (என்ன ஆச்சு, சித்தி?) என்று அவர் கேட்பார். அம்மா நெல்லைத் தமிழில் ஆரம்பிப்பாள். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது, ஆனால் கட்டர் எங்கே அடைத்திருக்கிறது என்பது மட்டும் எப்படியோ புரிந்துவிடும். மறுநாள் ஆள் வந்து கம்பி விட்டுக் குத்துவான்.

அவரைப் புனிதர் ஆக்க எனக்கு ஆசை இல்லை. குடிசைப் பகுதியில் பதினான்கு அடிக்கு மேல் உயர்த்திக் கட்டக் கூடாது என்பது மாநகராட்சி விதி. எங்கள் மேல்வீடு 1998-இல் எழும்பியபோது யாரோ வந்தார்கள், யாருக்கோ கொடுத்தோம், யாரும் அப்புறம் வரவில்லை. தாராவியின் எல்லா ஏணிகளுக்கும் இதே வரலாறுதான். அந்த ‘யாரோ’க்களின் புண்ணியத்தில்தான் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. இன்றைக்கு அந்த மேல்வீட்டைச் சட்டவிரோதம் என்று சொல்லும்போது, அப்போது கை நீட்டியவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரும். ஆனால் கேட்பது யாரிடம்?

அந்த லெட்டர்ஹெட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியமான வேலை.

அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து எழுபதுகளில் வந்தவர். இட்லி வியாபாரம். விடிகாலையில் அலுமினிய அண்டாவைத் தலையில் வைத்து, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அடித்துக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போய்விடுவார். ரேஷன் கார்டு எழுதிய குமாஸ்தா பேர் கேட்டார், சொன்னார். தகப்பன் பேர் கேட்டார், சொன்னார். சர்நேம் என்ன என்று கேட்டார். அப்பாவுக்குப் புரியவில்லை. எந்த ஊர் என்று கேட்பதாக நினைத்து ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தாமிரபரணிக் கரையில் நானூறு வீடுகூட இல்லாத ஒரு கிராமம் எங்கள் குடும்பப் பெயராக மகாராஷ்டிர அரசின் ஏட்டில் ஏறிவிட்டது. லைட் பில்லில் வேறு மாதிரி: முன்னால் ஓர் இனிஷியல், ஊர் இல்லை. குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த அடையாள அட்டையான போட்டோ பாஸில் இன்னும் வேறு மாதிரி: மராட்டி எழுத்தில் அப்பா பேரில் ஒரு ‘ச’ விழுந்துவிட்டது. மூன்று காகிதம், மூன்று மனிதர்கள். இந்த மூவரும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொரு தடவையும் எழுதி ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தது கார்ப்பரேட்டரின் கடிதம்தான். அதைக் கொண்டுபோய் தாதரில் இருக்கும் ஜி-நார்த் வார்டு ஆபீஸில் நீட்டினால் காரியம் நடக்கும்.

2000-க்கு முந்தியவரா, பிந்தியவரா என்பதுதான் இன்றைக்குத் தாராவியில் உயிர்க்கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் காகிதங்கள் தகர டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அந்தக் காகிதங்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டைகளைத் தெரிந்த ஒரே மனிதருக்குத்தான் பதவி போய்விட்டது. அப்பா 2012-இலேயே போய்விட்டார்.

*

“எம்எல்ஏ இருந்தாங்களே, எம்பி இருந்தாங்களே” என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தார்கள். தாராவி தனித்தொகுதி. வர்ஷா கெய்க்வாட் 2004 முதல் எம்எல்ஏ. 2024-இல் அவர் எம்பி ஆனதும் தங்கை ஜோதி கெய்க்வாட் ஜெயித்தார். இருவரும் திட்டத்தின் நிபந்தனைகளை எதிர்த்துச் சட்டமன்றத்திலும் தெருவிலும் பேசினார்கள். பக்கத்துத் தொகுதியான சயன் கோலிவாடாவில் கேப்டன் தமிழ்ச்செல்வன், நம் ஆள், ஆளும் பாஜகவின் எம்எல்ஏ. ஆனால் எம்எல்ஏ என்பவர் மந்திராலயத்துக்கு, அதாவது மாநிலத் தலைமைச் செயலகத்துக்குப் போகிற ஆள். அவர் ஆபீஸ் வாசலில் எட்டு மணிக்கு யாரும் கட்டர் மூடிக்காக நிற்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேட்டர்கள் 227 பேரும் நாற்காலியில் இருந்திருந்தாலும் மாஸ்டர் பிளானை அவர்கள் கை தூக்கி நிறைவேற்றவோ நிராகரிக்கவோ முடியாது. தாராவிக்குத் திட்டமிடும் அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. அது மாநில அரசின் கீழ் இயங்கும் தாராவி மறுசீரமைப்பு அமைப்பிடமும் குடிசைப் புனரமைப்பு ஆணையமான எஸ்ஆர்ஏவிடமும் இருக்கிறது. நகராட்சிகளுக்கு அதிகாரம் தருவதைப் பற்றிய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நகரத் திட்டமிடல் முதல் வரி, குடிசைப் பகுதி மேம்பாடு பத்தாவது வரி என்று பன்னிரண்டாவது அட்டவணையில் அழகாக எழுதியிருக்கிறார்கள். மாநிலம் விரும்பினால் கொடுக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். தாராவி விஷயத்தில் மகாராஷ்டிரம் விரும்பியதாகத் தெரியவில்லை.

மற்ற குடிசைப் பகுதிகளில் எஸ்ஆர்ஏ திட்டம் வர வேண்டுமானால் குடியிருப்பவர்களின் ஒப்புதல் வேண்டும். முன்பு 70 சதவீதம், பிறகு 51. பில்டரின் ஆட்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். தாராவிக்கு அந்த ஒப்புதலே தேவையில்லை என்று விதி. ஆக, குடியிருப்பவர் கையெழுத்தும் வேண்டாம், அவர் அனுப்பிய பிரதிநிதியின் ஓட்டும் வேண்டாம்.

அப்படியானால் கார்ப்பரேட்டர் இருந்துதான் என்ன கிழித்திருப்பார்? தம்பி இதைத்தான் கேட்டான். நான் அவனுக்கு தேவ்னாரைச் சொன்னேன்.

தேவ்னார் குப்பைமேடு மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள இடம். மும்பையின் குப்பை தலைமுறை தலைமுறையாக அங்கே போய் மலையாகக் குவிந்திருக்கிறது. தாராவியில் இடம் கிடைக்காதவர்களுக்கு வீடு கட்ட அதில் 124 ஏக்கரைக் கொடுப்பதென்று மாநில அரசு முடிவு செய்தது. குப்பையை அகற்றாமல் வீடு கட்ட முடியாது. அங்கே கிடப்பது 185 லட்சம் டன். அதை அகற்றும் வேலைக்கு மாநகராட்சி 2025-இல் விட்ட டெண்டர் 2,300 கோடி ரூபாயைத் தாண்டியது. பணம் மாநகராட்சியுடையது, அதாவது எங்கள் வரிப்பணம். சாதாரணக் காலத்தில் இவ்வளவு பெரிய டெண்டரைக் கமிஷனர், கார்ப்பரேட்டர்கள் உட்கார்ந்து செலவுக்கு ஒப்புதல் தரும் ஸ்டாண்டிங் கமிட்டியின் முன்னால் வைக்க வேண்டும். கட்சிக்காரர்கள் கத்துவார்கள், மைக்கைப் பிடுங்குவார்கள், பேரம் பேசுவார்கள், ஃபைலைத் திருப்பி அனுப்புவார்கள். ஏதோ ஒரு மராட்டிப் பத்திரிகையின் நிருபர் அங்கே உட்கார்ந்து எழுதுவார். நிர்வாகி ஆட்சியில், முன்மொழிவதும் கமிஷனர், நிர்வாகி என்ற தொப்பியை மாட்டிக்கொண்டு ஒப்புதல் தருவதும் அதே கமிஷனர். 2025-26-க்கு மட்டும் 74,427 கோடி பட்ஜெட் போட்ட மாநகராட்சி இது. எங்கள் சாலில், அதாவது வரிசை வீடுகளில், தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்கு ஆளுக்கு முந்நூறு ரூபாய் பிரிக்கக்கூட மூன்று நாள் சண்டை நடக்கும்.

ஸ்டாண்டிங் கமிட்டி சொக்கத்தங்கம் என்று மும்பையில் ஒரு குழந்தைகூட நம்பாது. ஆனாலும் அங்கே கேள்வி கேட்பதற்கு ஒருவருக்கு உரிமை இருந்தது. கேட்காமல் இருப்பதற்குக் காசு வாங்கினார் என்றால்கூட, கேட்கும் உரிமை இருந்ததால்தானே வாங்கினார்?

இன்னொரு விஷயம் எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. தாராவிக்காரர்களைக் கொண்டுபோய் வைப்பதற்கு குர்லாவில் மதர் டெய்ரி நிலம் 21 ஏக்கரைக் கொடுத்தார்கள். குர்லாக்காரர்கள் மரங்கள் போகும், எங்களுக்குப் பூங்காதான் வேண்டும் என்று போராடினார்கள். காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பக்கம் உப்பள நிலம் 255.9 ஏக்கர். முலுண்டுக்காரர்கள், எங்கள் ரயிலிலும் ரோட்டிலும் இதற்கு மேல் இடமில்லை என்றார்கள். முலுண்டுக்காரர் ஒருவர் டிவியில் ‘தாராவியை இங்கே கொண்டுவராதீர்கள்’ என்று சொன்னதைப் பார்த்துவிட்டு தம்பி டிவியை அணைத்தான். “நாமளும் அங்க போகமாட்டோம்னுதானே சொல்லுதோம்? அவன் எதுக்கு நம்மள வையுதான்?” என்றான்.

சரிதானே. தாராவியில் போகமாட்டேன் என்கிறவனும் முலுண்டில் வராதே என்கிறவனும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்கும்படி கட்டிய இடம் மும்பையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அந்த அவை மண்டபம். தாராவி வார்டு உறுப்பினரும் முலுண்டு வார்டு உறுப்பினரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தால் முதல் நாள் நாற்காலி பறந்திருக்கும். இரண்டாவது நாளாவது, ‘சரி, மாடி வீட்டுக்காரர்களைத் தாராவிக்குள்ளேயே வைக்க எத்தனை மாடி கூடுதலாகக் கட்ட வேண்டும்’ என்று ஒருவர் கேட்டிருப்பார். இப்போது இரண்டு பேரும் டிவி வழியாகத் திட்டிக்கொள்கிறார்கள்.

*

தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. 1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி அறிவித்தார், அதில் ஒரு பங்கு தாராவிக்கு. அதில் சில கட்டடங்கள் வந்தன. அந்தச் சமயத்தில்தான், அரசு சொல்லும் எண்ணிக்கை தப்பு, நம்மை நாமே எண்ணிக்கொள்வோம் என்று 1986-இல் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு வீடுவீடாக ஏறி இறங்கியது. அதன் தலைவர் ஜாக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர். அவர் இருந்த மான்கூர்டு ஜனதா காலனியை 1976-இல், எமர்ஜென்சி காலத்தில், ஒட்டுமொத்தமாக இடித்து சீட்டா கேம்ப்புக்குத் துரத்தியிருந்தார்கள். எண்ணப்படாதவனுக்கு இடம் கிடைக்காது என்பதை அவர் அப்படித்தான் கற்றுக்கொண்டார். அவர்கள் எண்ணி முடித்தபோது வந்த கணக்கு அரசின் கணக்கைவிட வெகு அதிகம்.

2004-இல் கட்டடக்கலைஞர் முகேஷ் மேத்தாவின் திட்டம். ஐந்து பகுதியாகப் பிரித்து உலக டெண்டர் என்றார்கள். படம் மட்டும் அழகாக இருந்தது. 2018-இல் மறுபடி டெண்டர். துபாய் தொடர்புள்ள செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடிக்கு ஏலம் கேட்டது, அதானி 4,539 கோடி. ரயில்வே நிலம் சேர்ந்ததால் நிபந்தனை மாறிவிட்டது என்று 2020-இல் அதை ரத்து செய்தார்கள். செக்லிங்க் வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இரண்டு டெண்டரின் தொகையை அப்படியே ஒப்பிடக் கூடாது, நிபந்தனைகள் வேறு என்பது அரசின் வாதம். இருக்கலாம். டீக்கடையில் யாரும் அதை நம்பவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

2023 டிசம்பர் 16 அன்று சிவசேனை நிறுவனர் பால் தாக்கரேயின் மகன் உத்தவ் தாக்கரே தாராவியிலிருந்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள அதானி அலுவலகம் நோக்கிப் பேரணி நடத்தினார். தாராவியை விற்காதே, ஆளுக்கு 500 சதுர அடி கொடு என்று முழக்கம். அம்மாவும் போயிருந்தாள், பாதி வழியில் முட்டி வலித்துத் திரும்பிவிட்டாள். அவளுக்கு ஒரு வேடிக்கை. அறுபதுகளின் கடைசியில் சிவசேனை ஆரம்பித்த புதிதில் மதராசிகளைத்தான் விரட்டினார்கள். லுங்கி கட்டியவனைக் கண்டால் அடி. அப்பா பம்பாய்க்குக் கிளம்பியபோது அவருடைய அம்மா பெட்டியில் இரண்டு பேண்ட் வைத்து அனுப்பினாளாம். “அந்தக் கட்சிக்காரன் மவன் நமக்காக நடக்கான். ஒங்கப்பா இருந்து பாத்திருக்கணும்” என்றாள். சொல்லிவிட்டு, “நடக்கட்டும், நடக்கட்டும். ஓட்டு வாங்கணும்லா” என்று சேர்த்துக்கொண்டாள்.

பேரணிக்குப் போன அதே அம்மாவிடம் 350 சதுர அடி வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்பாள். எழுபது வயதில், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பொதுக் கழிப்பறைக்குப் போய்வருகிறவள் அவள். வீட்டுக்குள் ஒரு கக்கூஸ், அதற்கு ஒரு தாழ்ப்பாள். அவள் கேட்பது அவ்வளவுதான். தாராவி அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுகிற அறிவாளிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்றதில்லை.

ஆனால் அம்மாவே இன்னொன்றும் கேட்பாள்: ‘மாவு எங்க ஆட்ட?’ தம்பி இப்போதும் இட்லிதான் போடுகிறான். ராத்திரி பதினொரு மணிக்கு கிரைண்டர் ஓடும், நாலு மணிக்குக் கொப்பரை ஏறும், ஆறு மணிக்குச் சைக்கிள்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். வாசல்தான் கடை, சந்துதான் கோடவுன். இருபதாவது மாடியில் ராத்திரி முழுக்க கிரைண்டர் ஓட்டினால் சொசைட்டிக்காரன் விடுவானா? தகுதியுள்ள கடைகளுக்கு 225 சதுர அடி வரை இலவசம் என்கிறார்கள். எங்களுடையது கடையா வீடா? பகலில் வீடு, விடிகாலையில் கடை. மண்பாண்டம் செய்யும் கும்பார்வாடாக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல். சூளையை எந்த மாடியில் வைப்பார்கள்? கணக்கெடுப்பு தொடங்கியதும் அவர்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

இந்தக் கேள்விகளுக்குப் பதிலே கிடையாது என்று நான் நினைக்கவில்லை. கீழே இரண்டு தளம் முழுக்கப் பட்டறைக்கு என்று வைக்கலாம், கிரைண்டருக்கு ஒரு பொது அறை வைக்கலாம், ஒரே கார்டில் இருக்கும் மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் ஒரே கட்டடத்தில் போடலாம். இதெல்லாம் நாலு தடவை உட்கார்ந்து சண்டை போட்டால் முடிவுக்கு வருகிற விஷயங்கள்தான். இப்போது இருப்பது ஒரு ஹெல்ப்லைன் எண். அம்மா அதில் ஒருமுறை பேசினாள். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள் என்று சொன்னாள். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. “வஞ்சாலும் சரிங்கா, அழுதாலும் சரிங்கா. செவுத்துட்ட பேசுத மாதிரி இருக்கு.”

*

2026 ஜனவரி. தேர்தல் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து தலைவர்கள் வந்து 90 அடி ரோட்டில் தமிழில் பேசிவிட்டுப் போனார்கள். எல்லாக் கட்சியின் நோட்டீஸிலும் தாராவி இருந்தது, எதிலும் ஏணி இல்லை. அம்மா மை வைத்த விரலைப் பேரனிடம் காட்டினாள்.

பதினைந்து நாள் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு புது நகர்சேவக்கின் ஆபீஸுக்குப் போனாள். வேறு ஷட்டர், அதே நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. அவர் வெளியே போயிருந்தார். மேஜையில் ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். அம்மா ஆரம்பித்தாள். ஏணி, ஒன்பது படி, நாலாவது படியில் டியூப், மருமகளுக்கு மாசம் தப்பியிருப்பது, ரேஷன் கார்டு, கிரைண்டர், முலுண்டு. நான் பாதியை இந்தியில் சொன்னேன். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது எங்கள் கையில் இல்லை, மாவ்ஷி, இது மேலே, என்று விரலைக் கூரைப் பக்கம் காட்டினான்.

“தெரியும்ல” என்றாள் அம்மா. “இருந்தாலும் நீ கேட்டுக்கோ.”

இன்னும் இருபது நிமிஷம் பேசினாள். இடையில் குரல் ஏறியது. வெளியே வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பையனுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் லெட்டர்ஹெட்டை இழுத்து, மேல்வீடும் கீழ்வீடும் ஒரே குடும்பம், 1998 முதல் ஒன்றாக இருக்கிறார்கள், ஒரே இடத்தில் வீடு தர வேண்டும் என்று மராட்டியில் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தான். குடும்பத் தலைவர் பேர்? சொன்னோம். தகப்பனார் பேர்? சொன்னோம். சர்நேம்?

அம்மா ஊர்ப் பேரைச் சொன்னாள்.

ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தான். வெளியே வந்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். அப்பாவின் பேர் நாலாவது விதமாக எழுதியிருந்தது. திரும்பிப் போய்த் திருத்தி வாங்கலாம் என்றேன். “வேண்டாம் விடு, நாளைக்கு அதச் சொல்லி இன்னொரு மட்டம் வரலாம்” என்று சொல்லிவிட்டு, அம்மா அதை நாலாக மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள்.